வடக்குச் சுவருக்குக் கீழே

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முதல் வடக்குச் சுவர் என் பொறுப்பு.

எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மிச்சமிருக்கும் நல்ல கல்லெல்லாம் அந்தச் சுவரின் அடியில்தான் கிடக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. எடுக்க எடுக்கச் சுவருக்கு அடிப்பிடிப்பு குறையும். அது அசையாமல் நிற்கிறதா, நகர்கிறதா என்று டிரோன் விட்டுப் படமெடுத்து, ஏஐயிடம் கொடுத்து, பார்த்துச் சொல்ல வேண்டியது நான். மண்ணும் பாறையுமாக வெட்டி நிற்கும் ஏழு மாடி உயரச் சுவர். முன்பெல்லாம் மூன்று பேர் கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் வெயிலில் அலைந்து அளப்பார்கள். இப்போது அரை மணி நேரம் பறந்தால் போதும்.

மேனேஜர் சிதம்பரநாதன் சார் காலையில் எல்லோர் முன்னாலும், "இனிமே நம்ம வளர்மதிதான் மைன்ஸுக்குக் கண்ணு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சுவருக்குக் கீழே, நாங்கள் வடக்கு பெஞ்சு என்று சொல்லும் தட்டில், பொக்லைன் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. வேலை வேறு, வீடு வேறு.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் பறப்பு. முந்நூறு படங்களுக்கு மேல். அவற்றை மென்பொருள் ஒட்டித் தைத்துச் சுவரை அப்படியே திரையில் எழுப்பிவிடுகிறது. அடுத்த முறை எழுப்பும் சுவரை இதன்மேல் வைத்துப் பார்த்து, நகராத இடத்துக்குப் பச்சை, கொஞ்சம் நகர்ந்தால் மஞ்சள், அதிகம் நகர்ந்தால் சிவப்பு என்று ஏஐ பூசிக் காட்டும். கீழே எத்தனை ஆட்கள், எத்தனை பேர் தலையில் ஹெல்மெட் என்றும் அதுவே எண்ணும்.

இன்று எண்ணியது: ஆட்கள் ஐந்து, ஹெல்மெட் நான்கு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மாமா. பொக்லைனை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, டிரோனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் படம் தானாகவே பாதுகாப்பு அதிகாரிக்குப் போய்விட்டது. மனுஷன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா, உங்களுக்கு வெவஸ்தையே இல்லையா?"

"மேல போறது யாரு? என் பொண்டாட்டி. தொப்பியக் கழட்டாம எப்புடி புள்ள?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அது நான் இல்லை, டிரோன், நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று விளக்கினேன். "ஓ, அப்ப நான் உன் ஆளையா கும்பிட்டேன்?" என்றார். ஏஐக்கு அவர் வைத்திருக்கும் பெயர், என் ஆளு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேட்டில் மேய்ந்த எருமையை ஏஐ டிப்பர் லாரி என்று எண்ணிவிட்டது. டிப்பர் ஓட்டுகிறவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

திரை முழுக்கச் சிவப்பு. வடக்குச் சுவர் ஒன்றேகால் அடி நகர்ந்திருக்கிறது என்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு எச்சரிக்கையும் இருந்தது, ஆறாம் அடையாளப் பலகை சரியாகப் பொருந்தவில்லை என்று. அதை உட்கார்ந்து படிக்கிற நிலையில் நான் இல்லை. வாக்கி டாக்கியில் கத்திவிட்டேன்: "வடக்கு பெஞ்சுல இருக்கறவங்க எல்லாம் வெளிய வாங்க! மெஷின அங்கயே விட்டுட்டு வாங்க!"

ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். ஐந்து பேர் என்று எழுதுகிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவரைத்தான்.

வேலை நின்றது. மேனேஜர் சார் முகம் வெளுத்து மேலிடத்துக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மானம் போயிற்று.

சுரங்கத்தில் எட்டு இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை அடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் துல்லியமாக எங்கே இருக்கிறது என்று அளந்து கணினிக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த எட்டைப் பிடித்துக்கொண்டுதான் அது மொத்தப் படத்தையும் நிறுத்துகிறது. காலையில் போய்ப் பார்த்தால், சுவரடியில் இருந்த ஆறாம் பலகை, இருந்த இடத்தில் இல்லை. இரண்டடி தள்ளி, அழகாக, நான்கு ஆணியும் ஒழுங்காக அடித்து உட்கார்ந்திருக்கிறது. பழைய இடத்தில் நான்கு முட்டை. பக்கத்தில் ஒரு ஆக்காட்டிக் குருவி என்னைப் பார்த்து ஊரைக் கூட்டியது.

சுவர் நகரவில்லை. பலகைதான் நகர்ந்திருந்தது.

யார் வேலை என்று எனக்குத் தெரியும். ஆணியை அவ்வளவு ஒழுங்காக அடிக்கிற ஆள் இந்தச் சுரங்கத்தில் ஒருவர்தான்.

"பலகையோட ஓரத்துலயே முட்ட வச்சிருச்சு புள்ள. நீ வாரா வாரம் வந்து தொடைப்ப, அது கெடந்து கத்தும். பாவமா இருந்துச்சு. ரெண்டடி தள்ளி வச்சேன். அதே பலகதான?"

"அதே பலகதான் மாமா. அதே எடம் இல்ல."

"ரெண்டடிக்கு உன் ஆளு இந்தக் குதி குதிப்பான்னு எனக்கென்ன தெரியும்?"

மேனேஜர் சாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்று சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. தண்ணீர் குடித்தார். பலகையை அங்கேயே விட்டு, புதிய இடத்தை அளந்து கணினிக்குச் சொன்னேன். குருவிக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கேன்டீனில் என்னைக் கண்டதும் ஒருத்தர் விடாமல் குருவி மாதிரி கத்துகிறார்கள். செபஸ்தியான் அண்ணன்தான் தலைவர். தெற்குக் குழியில் பொக்லைன் ஓட்டுகிறவர், மாமாவுக்கு உயிர்ச் சிநேகிதர். "தங்கச்சி, இன்னிக்குச் சோத்துல ஏதும் நகருதா பாரு" என்று தட்டை நீட்டுகிறார். மாமா சிரிக்காமல் சாப்பிட்டார். அதற்காகவே அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. இன்று பறந்தேன். பலகை எட்டையும் நானே தொட்டுப் பார்த்துவிட்டுப் பறந்தேன். எல்லாம் பொருந்துகிறது.

சுவரின் உச்சியில் மெல்லிய மஞ்சள் கோடு. நான்கு சென்டிமீட்டர். வேறெங்கும் பச்சை.

செப்டம்பர் 4, வியாழன்

ஏழு சென்டிமீட்டர். கோடு நீண்டிருக்கிறது.

மேட்டுக்கு நடந்தே போனேன். சுவரின் உச்சிக்குப் பின்னால் கரிசல் மண்ணில் ஒரு வெடிப்பு, சுவருக்கு இணையாக ஓடுகிறது. பேனாவை உள்ளே விட்டேன். மூடிவரை போயிற்று. அங்கிருந்து எட்டிப் பார்த்தேன். ரொம்பக் கீழே, மஞ்சள் பொக்லைன் கல்லை அள்ளிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடிக் கூண்டுக்குள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஓட்டுவார். அது மேலேயிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

அறிக்கையை எடுத்துக்கொண்டு மேனேஜர் சாரிடம் போனேன். படம், அளவு, வெடிப்பு, எல்லாவற்றையும் காட்டினேன். வடக்கு பெஞ்சை மூட வேண்டும் என்றேன்.

"கரிசல் மண்ணும்மா இது. ஒரு மழை பேஞ்சு ஒரு வெயில் அடிச்சா வெடிக்காம என்ன பண்ணும்?"

"சுவரும் நகருது சார்."

"உங்க ஏஐ எழுபது சதவீதம்தான் உறுதின்னு போட்டிருக்கு. போன தடவ நூறு சதவீதம்னு சொல்லிச்சு, குருவி முட்டைக்கு." கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். அன்றைக்கு வேலை நின்றதற்கு மேலிடத்தில் அவர் என்னென்ன பேச்சு கேட்டாரோ. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தணிந்த குரலில், "உங்க கவலை எனக்குப் புரியாம இல்லம்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க வீட்டுக்காரர் பழமலைய திங்கள்லேருந்து தெற்குக் குழிக்கு மாத்திடறேன். நீங்க நிம்மதியா போங்க" என்றார்.

நான் கேட்டது அது இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கெண்டை மீன் குழம்பு வைத்தேன். "என்னா விசேஷம்?" என்றார் மாமா. ஒன்றுமில்லை என்றேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பறந்தேன். ஒன்பது சென்டிமீட்டர்.

சுவருக்குக் கீழே பொக்லைன் வேலை செய்துகொண்டிருந்தது. ஆட்கள் ஐந்து, ஹெல்மெட் ஐந்து. படத்தைப் பெரிதாக்கினேன். செபஸ்தியான் அண்ணன். மாமா தெற்குக்குப் போனதும் அவரை வடக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிரோனைப் பார்த்துக் குருவி மாதிரி இரண்டு கையையும் அடித்துக் காட்டுகிறார்.

மாமாவை மாற்றினால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார் என்பது எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமையே தெரியும். தெரிந்தேதான் மீன் வாங்கினேன்.

ஓடினேன். மேனேஜர் சார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க வீட்டுக்காரரத்தான் மாத்திட்டேனேம்மா, இன்னும் என்ன?"

நல்ல மனிதர். என் அறிக்கையை ஒரு மனைவியின் விண்ணப்பமாகப் படித்து, பெரிய மனசு பண்ணி நிறைவேற்றியும் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் அவரிடம் எந்த மொழியில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் செபஸ்தியான் அண்ணனிடமே சொன்னேன். "குருவி முட்ட இன்னும் பொரியலையா தங்கச்சி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் மாமா சாப்பிடவில்லை. "எனக்குப் பதிலா அவன் போய் நிக்கிறான். எனக்கு எப்புடி எறங்கும்? நானே திரும்பப் போறேன்னு சார்கிட்ட கேக்கப் போறேன்."

"நீங்க போய் நின்னா சுவரு நின்னுடுமா?"

"அப்ப அவன் நிக்கலாமா?"

கத்திக்கொண்டோம். இந்த மனிதரோடு நான் போட்ட சண்டைகளில் இதில் மட்டும்தான் இரண்டு பேருமே ஒரே பக்கம்.

சாயங்காலம் காலனிக் கூடத்தில் மகளிர் குழு. செவ்வாய்தோறும் நடப்பதுதான். ஊறுகாய் விற்பனை பேசி முடித்ததும், நான் எழுந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். நேற்றைய படம். மேலேயிருந்து பார்த்த சுரங்கம்.

எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்தை அவர்களில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. செபஸ்தியான் அண்ணனின் மனைவி ஆரோக்கியமேரி அக்கா விரலை வைத்தார். "இது எங்க ஆளுதான? கழுத்துல சேப்புத் துண்டு."

"ஆமாக்கா."

"இந்த மஞ்சக் கோடு என்னா?"

"சுவரு அந்த எடத்துல நகருதுக்கா."

ஏழு மாடி உயரம் என்றேன். எத்தனை சதவீதம் உறுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரோக்கியமேரி அக்கா கோட்டிலிருந்து செங்குத்தாக விரலைக் கீழே இழுத்தார். அது சிவப்புத் துண்டில் வந்து நின்றது.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அடி விழும் என்றே நினைத்தேன். "உன் புருஷன மாத்திட்டாங்கல்ல?"

"ஆமாக்கா." அழுதுவிட்டேன். "நான் கேக்கலக்கா. ஆனா வேணாம்னும் சொல்லல."

"அழுவாத. பொண்டாட்டி போய் நின்னா மாத்துவாருன்னா, நாங்களும் போய் நிக்கிறோம்."

மேனேஜர் சாரின் வீட்டம்மா லலிதா அம்மாவும் இருந்தார்கள். குழுவில் உறுப்பினர் இல்லை, ஊறுகாய்க்காக வருவார்கள். எல்லோரும் கலைந்த பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இவரு காலையில ரவுண்ட்ஸ் போவாரே, அது எங்கம்மா?" என்று கேட்டார்கள். இன்று காலை எட்டு மணிக்குப் பறந்து எடுத்த இன்னொரு படத்தைக் காட்டினேன். சுவரடியில், மஞ்சள் கோட்டுக்கு நேர் கீழே, ஒரு வெள்ளை ஹெல்மெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. லலிதா அம்மா ஊறுகாய் பாட்டிலை எடுக்க மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 10, புதன்

விடியும்போதே அலுவலக வாசலில் ஐந்து பெண்கள். நால்வர் மனைவிகள். டிப்பர் ஓட்டும் ஒருவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவன் அம்மா வந்திருந்தார். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. வரிசையாகத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எல்லோரிடமும் ஒரே விண்ணப்பம்: "எங்க வீட்டு ஆளையும் மாத்திடுங்க சார்."

மூன்றாவது ஆள் போனபோது மேனேஜர் சார் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். "எல்லாரையும் மாத்திட்டா அங்க யாரத்தாம்மா போடறது?"

"அது உங்க பாடு சார்," என்றார் ஆரோக்கியமேரி அக்கா. "எங்க ஆளு வேணாம்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நானே தினம் போய் நிக்கிறேன்ல?"

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். நாங்கள் ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். "சொல்லு லலிதா... ம்... ஆபீஸ்லதான்... இல்ல, இன்னும் போகல... அதெல்லாம் ஓரமாத்தான் நிப்பேன்... எந்தப் படம்?... ம்... சரி... சரி, நீ அழாத."

போனைப் பைக்குள் போட்டார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, வடக்கு பெஞ்சில் எல்லோரும் மெஷினோடு வெளியே வரச் சொன்னார். என் அறிக்கையை மேசையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 13, சனி

சுவர் நிற்கிறது. செபஸ்தியான் அண்ணன் தெற்குக் குழியில் மாமாவோடு முறை மாற்றி ஓட்டுகிறார். மேலிடத்திலிருந்து தினம் போன். மேனேஜர் சார் தினம் ஒரே பதில்: "மூடித்தான் சார் இருக்கு."

செப்டம்பர் 16, செவ்வாய்

நிற்கிறது. பதினொரு சென்டிமீட்டரில் அப்படியே நின்றுவிட்டது. கேன்டீனில் மறுபடியும் குருவிச் சத்தம். கல் வராததால் கிரஷரில் பாதிப் பேருக்கு வேலையில்லை, அவர்கள் சத்தத்தில் சிரிப்பு இல்லை.

"விழலன்னா என்ன மாமா பண்றது?" என்று கேட்டேன்.

"விழலன்னா நிக்குது. விழுந்தாத்தான் உன் பேச்சக் கேப்பேன்னு நான் சொன்னனா?"

இவரைக் கட்டிக்கொண்டதற்கு எங்கள் வீட்டில் எவ்வளவு பேச்சு கேட்டேன். இன்னும் ஒரு மடங்கு கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டு நாளாக மழை. இன்று காலை டீ வந்த நேரம், தரை உதறியது. அப்புறம்தான் சத்தம் கேட்டது. ஷெட்டை விட்டு வெளியே வந்தால், வடக்குப் பக்கம் வானமே தெரியாமல் வெள்ளைத் தூசி.

தூசி அடங்குவதற்குள் மாமா ஓடி வந்துவிட்டார், தெற்குக் குழியிலிருந்து அவ்வளவு தூரம். "அங்க யாரும் இல்லன்னு தெரியும் புள்ள. தெரிஞ்சும் கால் நிக்கல." எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தூசிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு இவர் வேண்டும். வேலை வேறு, வீடு வேறு என்று எழுதினேன், அது பொய்.

மத்தியானம் பறந்தேன். செபஸ்தியான் அண்ணன் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "என் மெஷின் நின்ன எடம் எது தங்கச்சி?" தொட்டுக் காட்டினேன். அங்கே இடம் என்று ஒன்றும் இல்லை, கல்தான். அவர் வெளியே போய்ப் போன் போட்டார். "மேரி... ஒண்ணுமில்ல. சும்மாத்தான். சாப்புட்டியா?" அதையே மூன்று தடவை கேட்டார்.

மேனேஜர் சார் தினம் நிற்கும் இடத்தில் ஒரு லாரி அளவுப் பாறை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "லலிதாகிட்ட இந்தப் படத்தக் காட்டிடாதீங்கம்மா."

ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

தெற்குக் குழியில் இப்போது வேலை. அதன் சுவரும் உயரம்தான்.

விடிந்து அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் போன் அடித்தது, ஆரோக்கியமேரி அக்கா. "மதி, எங்க ஆளு கெளம்பிட்டாரு. இன்னிக்கு அனுப்பலாமா?"

வைத்த கையோடு டிப்பர்காரனின் அம்மா. அப்புறம் இன்னும் இரண்டு பேர். கடைசியாக லலிதா அம்மா, ரொம்ப மரியாதையாக: "தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. சார அனுப்பலாமா?"

இரண்டு வாரத்துக்கு முன்பு வரை என்னை நம்ப ஆளில்லை. இப்போது ஒரு தெருவே நம்புகிறது. எது பாரம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஐந்து பேருக்கும் ஒரே பதில் சொன்னேன்: "இருங்கக்கா, பறந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் காப்பியக் குடுத்து உக்கார வைங்க."

திரும்பிப் பார்த்தால், மாமா பூட்ஸ் மாட்டி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காக வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டு, டிரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் நான் கிளம்பினேன்.